ரவிக்கைத் துணி கட்டிய பாதை

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவோம். ஒருத்தி ஓடப் போவாள். இன்னொருத்தி, அவள் ஓடி முடித்து வரும் இடத்தில் மோரும் வெள்ளரிக்காயும் வைத்துக்கொண்டு நிற்பாள். நிற்கிறவள் நான். ஓடுகிறவள் என் ஓர்ப்படி, கணவரின் தம்பி மனைவி.

"ஓடறதுக்கு ஒருத்தி, மோர் கடையறதுக்கு ஒருத்தி. நல்லா வந்து வாய்ச்சீங்க" என்று மாமியார் சிரிப்பார். கேலிதான், குத்தல் இல்லை. ஆனால் பாத்திரத்தை எடுத்து வைக்கும்போது என் கை கொஞ்சம் சத்தமாகவே வைக்கும்.

குழந்தை பிறப்பதற்கு முன் ஓடிக்கொண்டிருந்தவள் நான். மைசூர் சாமுண்டி மலைக்குப் படிக்கட்டும் தார்ச்சாலையும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மலைக்குப் பின்னால், உத்தனஹள்ளி பக்கமாக இறங்கும் அடிவாரக் காட்டில் ஒற்றையடிப் பாதைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் நடந்து நடந்து உண்டான பாதைகள் அவை. சில பாதைகள் பாறையில் போய் முட்டி நிற்கும். சில, உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து காணாமல் போகும். அலுவலகம் இல்லாத காலைகளில் ஆடுகளின் பின்னாலேயே போய், எது எதில் சேருகிறது என்று பார்த்து, துண்டு துண்டாக இருந்தவற்றைச் சேர்த்து ஒரு முழு வட்டமாக்கினேன். மழைநீர் தேங்கும் ஒரு குட்டையில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு பாறைகளைத் தாண்டி, நீலகிரி மரங்களுக்கு நடுவே இறங்கி, மறுபடியும் அதே குட்டைக்கு வந்து சேரும் வழி. எங்கள் ஓட்டக் குழுவில் அதற்கு ஆட்டுத்தடம் என்று பெயர் வைத்தார்கள். முதல் தடவை எல்லோரும் என் பின்னால் வரிசையாக ஓடி வந்தபோது நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். யாராவது விழுந்துவிடுவார்களோ என்ற கவலை பாதி. என் பின்னால் இத்தனை பேர் வருகிறார்களே என்ற சந்தோஷம் பாதி.

பிறகு கர்ப்பம், பிரசவம், பால் கொடுத்த மாதங்கள். அந்தச் சமயத்தில்தான் ஓர்ப்படி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிடக் கன்னடம் அவளுக்குச் சரளம். நான் கொள்ளேகால்காரி, வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசி வளர்ந்தவள்; கன்னடத்தில் பேசுவதற்கு முன் வாக்கியத்தை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். அவள் வந்த வேகத்தில் குழுவில் சேர்ந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே ஒரு நாள் ஆட்டுத்தடத்தின் வாய் வரைக்கும் கூட்டிப்போய், எந்தக் கிளைப்பாதையில் திரும்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. சில மாதங்களில் அவள்தான் புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள். புதியவர்களுக்கு அந்தப் பாதை அவளுடைய பாதை.

நான் எதற்கு ஆசைப்பட்டேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது சொல்ல முடிகிறது. நான் திரும்பிப் போகும் வரைக்கும் முன்னால் ஓடுகிற அந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது காலியாக இல்லை. அவள் நன்றாகவே ஓடினாள். அதுதான் தாங்கவில்லை. ஓடி முடித்து வியர்வையோடு வந்து என் கையிலிருந்து மோர் வாங்கிக் குடிக்கும்போது அவள் முகத்தில் ஒரு பளபளப்பு இருக்கும். அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியும். அது என் முகத்தில் இருந்தது.

ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதத்தில் புதியவர்களுக்காக ஒரு பெரிய ஓட்டம் வைத்தார்கள். அந்த ஓட்டத்துக்கு முன்கூட்டியே பாதையில் அடையாளம் கட்ட வேண்டும். வழக்கமாக பிளாஸ்டிக் நாடா கட்டுவோம். காட்டுக்குள் பிளாஸ்டிக் வேண்டாம் என்று இந்த முறை குழுவில் முடிவானது. ஓர்ப்படி வீட்டு அலமாரியைத் திறந்தாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படி ஒரு அலமாரி இருக்கும். தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள் அதற்குள் அடுக்கி வைத்திருக்கும். யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. நம் வீட்டுக்கு வந்தது அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. எங்கள் அலமாரியில் பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும். அதில் பாதி என் வளைகாப்புக்கு வந்தவை.

"அக்கா, இந்த பிளவுஸ் பிட்டெல்லாம் கத்தரிச்சுக்கட்டுமா? சும்மாதானே கிடக்குது."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மாமியாருக்கோ அலமாரி காலியானால் போதும் என்றிருந்தது. நான் குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டே, அவள் என் வளைகாப்புத் துணிகளை நாடா நாடாவாகக் கத்தரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரம் பிரிந்து நூல் வரும், கொஞ்சம் மடித்துக் கத்தரி என்று யோசனைகூடச் சொன்னேன்.

வெள்ளியும் சனியும் அலுவலகத்தில் வேலை அதிகம் என்பதால் வியாழக்கிழமை சாயங்காலமே போய்க் கட்டிவிட்டு வந்தாள். கிளை பிரியும் இடங்களில் கல்லின்மேல் கோலமாவில் அம்புக்குறியும் போட்டிருந்தாள். மறுநாள் ஆஷாட வெள்ளி. சாமுண்டியைத் தரிசிக்க மைசூரே மலைக்குப் போகும் நாள். படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறும் பெண்களை அன்றைக்குப் பார்க்கலாம். மேலே தரிசனம் முடித்து, பின்பக்கமாக இறங்கி உத்தனஹள்ளி அம்மனையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையையும் எங்கள் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து யோசிக்க இருவருக்குமே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறலாக இருந்தது. கணவருக்கு நஞ்சன்கூடு தொழிற்சாலையில் ஷிப்ட். குட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மோர்ப் பானையை மூடி வைத்துவிட்டு, குழந்தையைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளரிக்காயை முன்பே நறுக்கியது தப்போ, நீர் விட்டுவிடுமோ, குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டிருக்க வேண்டுமோ என்று அடுக்கடுக்காக யோசனை. அவர்கள் வரவேண்டிய நேரம் தாண்டியது. இன்னும் கொஞ்சம் தாண்டியது. எல்லோரும் புதியவர்கள், நடந்து வருகிறார்கள் போல என்று நினைத்தேன். காட்டுக்குள்ளிருந்து மயில் சத்தம் மட்டும் வந்தது.

அப்புறம் போன் அடித்தது.

"அக்கா, எந்தப் பக்கம்னே தெரியல. மரம் பூரா துணி கட்டியிருக்கு."

"நீதானே கட்டினே?"

"நான் ஒரு திருப்பத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் கட்டினேன் அக்கா. இங்க எண்ணவே முடியல. அடுத்த மரத்துலயும் இருக்கு, அதுக்கடுத்த மரத்துலயும் இருக்கு. குட்டித் தொட்டில் வேற கட்டியிருக்காங்க. கல்லுக்கெல்லாம் மஞ்ச குங்குமம்."

எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அந்த வழியாக வந்தவர்களில் யாரோ ஒருத்தி, மரத்தில் சிவப்பு ரவிக்கைத் துணியும் கீழே கோலமிட்ட கல்லும் பார்த்திருப்பாள். வேண்டுதல் மரம் என்று நினைத்துத் தானும் ஒரு துணியைக் கட்டியிருப்பாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கூட்டம் நடந்துபோன திசையெல்லாம் துணி. எங்கள் ஓட்டக்காரர்கள் துணியைப் பார்த்துத் திரும்பி, துணியைப் பார்த்துத் திரும்பி, எங்கோ போய் நின்றிருக்கிறார்கள்.

முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. ஒரு சின்னத் திருப்தி வந்தது. பாதை தன் சொந்தக்காரியைத் தேடுகிறது என்பதுபோல ஒரு நினைப்பு. அதற்குப் பிறகுதான் சிறுத்தை நினைவு வந்தது, அந்தப் பக்கம் போன மாதம் ஒரு நாயைத் தூக்கிப் போனது என்று யாரோ சொன்னது நினைவு வந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்ன பார்க்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நீலகிரி மரம் தெரிகிறதா? தெரியவில்லை. பாறை? ஒரு பாறை, மேலே இன்னொன்று, ஆனால் தூரத்தில், இடது கைப் பக்கம். அப்படியென்றால் கூட்டத்தின் தடத்தோடு கோயில் பக்கம் இறங்கியிருக்கிறார்கள். துணியைப் பார்க்கவே பார்க்காதே, பாறையை மட்டும் பார்த்துக்கொண்டு வா என்றேன். பாறைக்கு வலதுபுறம் உண்ணிச்செடிக்குள் குனிந்து போகிற மாதிரி ஒரு சந்து இருக்கும், அதில் நுழைந்தால் ஆட்டுப் புழுக்கை கிடக்கும், புழுக்கை கிடக்கிற வழியை விடாதே.

நான் ஒன்று சொல்ல, அவள் அதை உடனே கன்னடத்தில் பின்னால் இருப்பவர்களுக்குச் சத்தமாகச் சொன்னாள். அவள் குரலில் துளி நடுக்கம் இல்லை. என் பாறை, என் சந்து, என் புழுக்கை எல்லாம் அவள் வாயிலிருந்து அழகான கன்னடத்தில் வெளியே போய்க்கொண்டிருந்தன. யாரோ சிரித்தார்கள். ஆட்டுப் புழுக்கைக்காக இருக்கும். குழந்தை என் மடியில் வாழைப்பழத்தைப் பிசைந்து என் முழங்காலில் பூசிக்கொண்டிருந்தான். சிக்னல் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் நான் எழுந்து நின்றேன்.

வந்து சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் நனைந்திருந்தார்கள், முள் கீறியிருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. குட்டையைப் பார்த்ததும் கை தட்டினார்கள், அவளுக்காக. ஒரு பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள், வழி தவறியதுதான் இன்றைக்கு சிறப்பு, மேடம் இருந்ததால் பயமே இல்லை, அடுத்த முறையும் இதே வழியில் போகலாம் என்றாள்.

ஓர்ப்படி உடனே சொன்னாள். அதை மறைக்கவில்லை அவள். "வழி சொன்னது அக்கா. இந்த ரூட்டே அக்காவோடதுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கையில் வாழைப்பழம் பூசிய குழந்தை, ஒரு கையில் கரண்டி. அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று டம்ளரை நீட்டினாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் சின்னவளாக இருப்பாள்.

மோரை ஊற்றினேன். எல்லோரும் போன பிறகு, மேசையை மடக்கும்போது, எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் முன்னால ஓடறேன்."

அவள் மேசையின் மறுபக்கத்தைப் பிடித்தபடி நின்றாள். "குழந்தை?"

"நீ பாத்துக்கோ."

சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. கோபமில்லை, ஏதோ நினைவு வந்த மாதிரி.

"எத்தனை வாட்டி கேட்டேன் அக்கா. நீங்க போங்க, நான் வச்சுக்கறேன்னு. ஒவ்வொரு வாட்டியும் அழுவான், அழுவான்னு நீங்கதான் குடுக்கல. ஒரு நாள் கூட அவன் அழுதானா இல்லையான்னு பாக்கறதுக்காவது குடுத்தீங்களா?"

மேசையின் காலை மடக்கினேன். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கேட்கும்போதெல்லாம் பாசாங்கு என்று நினைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான்கைந்து முறை மனம் மாறினேன். குழந்தைக்கு லேசாக மூக்கு ஒழுகியதும் வேண்டாம் என்றேன். மூக்கு நின்றதும் போகலாம் என்றேன். பால் டம்ளர், மாற்றுத் துணி, பிடித்த பொம்மை, தும்மினால் தடவ மருந்து என்று ஒரு பை நிறைய எடுத்துக் கொடுத்து, எது எதற்கென்று சொன்னேன். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள்.

ஓடினேன். முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. இடுப்பு என்னுடையது மாதிரி இல்லை. பின்னால் வந்தவர்கள் எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டது தெரிந்தது. அது சுருக்கென்றது, ஆனாலும் முன்னால் யாரும் இல்லை. பாதை மட்டும் இருந்தது. கிளை பிரியும் இடத்தில் அந்த மரத்தைப் பார்த்தேன். எங்கள் துணி எது, வேண்டுதல் துணி எது என்று தெரியவில்லை. அவிழ்க்கக் கை வரவில்லை. பாறைக்கு வலதுபுறம் திரும்பினேன். எல்லோரும் திரும்பினார்கள்.

கடைசி இறக்கத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. நின்று கேட்டேன். மயில்தான். மறுபடியும் ஓடினேன், வழுக்கும் இடத்தில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. அழுது அழுது முகம் சிவந்திருப்பான், மூச்சு முட்டியிருக்கும், அவள் பயந்துபோய் நிற்பாள், என்னைக் கண்டதும் பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான்.

அவன் ஓர்ப்படியின் மடியில் உட்கார்ந்து வெள்ளரித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான். அவள் அவன் காதில் ஏதோ கன்னடத்தில் சொல்ல, வாயைத் திறந்து சிரித்தான். கொண்டுவந்த பை ஜிப்பு திறக்காமலேயே மேசையடியில் இருந்தது.

"அழவே இல்ல அக்கா" என்றாள், எனக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று.

வியர்வைக் கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கையை நீட்டினேன். என்னைப் பார்த்தான், வெள்ளரித் துண்டைப் பார்த்தான், திரும்பி அவள் தோளில் சாய்ந்துகொண்டான். அவள் எனக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றி நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். என் முகத்தில் அப்போது பளபளப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் இருந்தது.