நடுக்கால்வாயில் தலை எண்ணியது

படகுத்துறைப் பலகையின் முதல் விதி: பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் விதிகளோடு வாழ்ந்தவன் நான். செஞ்சியிலிருந்து மனைவியோடு மரக்காணம் போய், பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறினேன். நடுவழியில் கூட்டம் அதிகமாகத் தோன்றவே, எழுந்து நின்று தலைகளை எண்ணினேன். ஒன்பதை எண்ணும்போது படகு சாய்ந்து, மனைவி தண்ணீரில் விழுந்தாள்.

படகோட்டி அவளைப் படகுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: “குந்து சார்! இன்னா, சென்சஸா எடுக்கிறே?”

“இவரு ரிட்டயரானதை இவருகிட்ட யாரும் சொல்லலீங்க” என்றாள், நடுங்கிக்கொண்டே.

கரையேறி எண்ணினேன். பதினோரு பேர்தான்.

இப்போதெல்லாம் கரையிலேயே எண்ணிவிடுகிறேன். ‘ஓடும் படகில் எழுந்து நிற்கக் கூடாது’ என்றும் பலகையில் எழுதும்படி இலாகாவுக்கு மனுப் போட்டேன். அது ஏற்கெனவே பலகையின் இரண்டாவது விதி என்ற பதில், மறுவருஷம் ஆடி அமாவாசையன்று வந்தது.