முருகா, எது உண்மையோ அதைக் காட்டு

முருகனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் பெயர் சரஸ்வதி. அந்தமானில், போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூரில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் சாத்தம் மர ஆலையில் வேலை பார்க்கிறார். எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தை மாதத்தில் அது பெரிதான பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். போர்ட் பிளேரில் டாக்டர் ஒரு துண்டு சதை எடுத்து, சோதனைக்காகக் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பினார். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. புற்றுநோய் என்று எழுதியிருந்தது.

எனக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண்ணுக்கு நாலு வயது. அன்று முழுவதும் அவளை மடியை விட்டு இறக்கவில்லை. விளக்கு ஏற்றக்கூட மனம் வரவில்லை. உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று முருகனிடம் சண்டை போட்டேன்.

மெட்ராஸுக்குப் போய்த்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும். பிள்ளைகளை என்ன செய்வது என்று தவித்தபோது, பக்கத்து வீட்டு வங்காளத்துப் பெண் மாலதி வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. இங்கே எல்லோரும் பேசும் இந்திதான் எங்களுக்குப் பாலம். "மத் ரோவோ, தீதி", அழாதே அக்கா என்று என் கண்ணைத் துடைத்துவிட்டு, மூன்று பிள்ளைகளையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

கப்பலில் நாலு நாள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முன்னால் தாங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மறுபடி சதை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை.

வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன், அழுதேன். ஆனால் என் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை. எதை நம்புவது? முதல் சோதனையில் யாருடைய சதையாவது மாறிப் போயிருக்கும் என்றார் வீட்டுக்காரர்.

"இல்லைன்னுதான் எழுதிட்டாங்கல்ல, சரசு. இன்னும் எதுக்குக் கிளறுற? சனிக்கிழமை கப்பல்ல ஊருக்குப் போயிருவோம்."

பிள்ளைகள் முகம் கண்ணில் நின்றது. எனக்கும் போகத்தான் ஆசை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே சின்னதாக ஒரு முருகன் சந்நிதி. இரண்டாவது காகிதமே உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். கை கூப்பி நின்றேன். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "முருகா, எது உண்மையோ அதைக் காட்டு. அதைத் தாங்கவும் நீயே பலம் கொடு" என்று என் வாய் சொன்னது. சொன்ன உடனே, அத்தனை மாதமாக நெஞ்சை அழுத்தியிருந்த பாரம் இறங்கியது. நேரே உள்ளே போய், சோதனைச்சாலையின் பெரிய டாக்டரம்மாவிடம் இரண்டு காகிதங்களையும் நீட்டினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். முதல் சோதனையில் சதையை வைத்துப் பார்த்த கண்ணாடித் தகட்டை, அதைச் செய்த இடத்திலிருந்து வரவழைக்க வேண்டும், நாலு நாள் பொறுங்கள் என்றார். அதற்குள் எங்கள் கப்பல் போய்விட்டது. வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நாலாம் நாள் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேப்பரும் பொய் சொல்லலம்மா. கட்டியோட ஒரு ஓரத்துல மட்டும் நோய் இருக்கு. அவங்க எடுத்தது அந்த இடம், நாங்க எடுத்தது பக்கத்து இடம். நீங்க வந்து கேட்டது நல்லதாப் போச்சு. இன்னும் பரவல. இப்பவே எடுத்துடலாம்."

நோய் இருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனாலும் என் மனதில் பயம் இல்லை. கேட்டதை முருகன் கொடுத்துவிட்டான் என்ற நிம்மதிதான் இருந்தது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே ஆபரேஷன். மார்பை எடுத்தார்கள். அக்குளில் நோய் ஏறவில்லை என்று சோதனையில் தெரிந்தது. பிறகு நோய் திரும்பாமலிருக்கக் கதிர் சிகிச்சை, நாங்கள் சொல்கிற கரண்ட், வைத்தார்கள். தோல் கறுத்தது, சாப்பாடு பிடிக்கவில்லை. எல்லாம் கடந்து போயிற்று.

ஆடி மாதம் ஊர் திரும்பினோம். கப்பல் துறையில் மாலதி என் பிள்ளைகளோடு நின்றாள். மூன்றும் நன்றாகச் சதை போட்டிருந்தன. கடைசிப் பெண் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு வங்காளத்தில் ஏதோ கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வைத்த மீன் குழம்பைத் தள்ளிவிட்டு, கடுகெண்ணெயில் பொரித்ததுதான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் என் தையல் தழும்பே வலித்தது.

இது நடந்து பத்து வருஷம் ஆகிறது. கட்டி திரும்ப வரவில்லை. போன வைகாசியில் மூத்தவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். முன்பெல்லாம் முருகனிடம் இது கொடு, அது கொடு என்று பட்டியல் வாசிப்பேன். இப்போது உண்மையைக் காட்டு, உடன் இரு என்று மட்டும் கேட்கிறேன். அவன் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

இதைக் கேட்கும் சகோதரிகளே, உங்களில் யாருக்காவது உடம்பில் இப்படி ஒரு பயம் இருந்தால் மறைக்காதீர்கள். அவனிடம் சொல்லுங்கள். பிறகு என் வீட்டுக்கு வாருங்கள். இதுவரை ஆறு பேரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறேன். உங்களோடும் வருகிறேன்.