குழாய் வராத சந்தில் என் அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். அவரிடம் கெட்டது எதுவும் இல்லை, இருந்தது என்னிடம்தான். அதையும் எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவர் அவரே. மணமான மூன்றாம் வருடம் அத்தானை இழந்தார். குழந்தை இல்லை. இறால் உரிக்கும் கம்பெனியில் விரல் வெந்துபோக வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நம்பிக் கட்சிக்காரர்கள் அவரை நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். நன்றாக ஏமாந்தார்கள். மலையாள ஃபைலை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்காமல் பேனாவைத் தொடமாட்டார்.

வார்டுக்குத் தெருக்குழாய்கள் அனுமதியானபோது, எங்கள் சந்தின் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதினார். குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த சந்து கொதித்தது. நானும் சண்டைக்குப் போனேன்.

“நமக்கு முதல்ல போட்டா, கவுன்சிலர் தன் வீட்டுக்குக் குழாய் வச்சுக்கிட்டாள்னு ஆளுக பறையுவாங்கடா. நம்ம சந்து கடைசில மதி, அது போதும்,” என்றார்.

கடைசி வருவதற்குள் ஐந்து வருடம் முடிந்துவிட்டது.

அடுத்த தேர்தலில் வார்டு பொதுவானது. கட்சி கைகழுவியது, அக்கா சுயேச்சையாக நின்றார். எங்கள் சந்து ஓட்டுப் போடப் போகவில்லை. நானும் போகவில்லை. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், மை இல்லாத இடது கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, “போட்டுட்டேன்க்கா,” என்றேன். “சரிடா, சாயா குடி,” என்றார்.

சொற்ப ஓட்டில் தோற்றார். எங்கள் சந்து போட்டிருந்தாலே ஜெயித்திருப்பார். முகத்தைப் பார்க்கக் கூசி, நான் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கலூருக்குக் குடிபோனேன். மனு கொண்டு வருகிறவர்களுக்காக வாங்கிய நாற்காலிகளை அக்கா தினமும் துடைத்து வைப்பார். பழக்கத்தில் சாயாவையும் கூடுதலாகப் போட்டுவிட்டு, அதையே சாயங்காலம் வரை சூடு பண்ணிக் குடிப்பாராம். எப்போதாவது போனால், “உன் வேலை எப்படிடா?” என்பார். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைசிக் காய்ச்சலின்போதும் என் கையைத்தான் தேடினாராம். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று அக்காவைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்து வந்த அடுத்த சந்துப் பெண்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அது அக்கா போட்ட முதல் குழாயின் தண்ணீர். அந்தப் பெண்களில் ஒருவரான சுலைகா, இரவு பகல் பாராமல் அக்காவுக்குக் கஞ்சி கொடுத்தவர். அந்தத் தேர்தலில் அக்காவின் பூத் ஏஜெண்டாக இருந்தவரும் அவரே. காரியம் முடிந்த மறுநாள் நான் அவரோடு அக்காவின் அலமாரியை ஒதுக்கும்போது, அந்த வாக்காளர் பட்டியல் கிடைத்தது. ஓட்டுப் போட்டவர் பெயருக்கெல்லாம் நேரே டிக். என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை.

சுலைகா என் முகத்தைப் பார்த்தார். “அன்னைக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே அக்கா லிஸ்டைப் பார்த்தாச்சு. அவன்கிட்ட ஒண்ணும் பறையக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.”

வந்திருந்து ஆறுதல் சொன்ன அனைவருக்கும் நன்றி.

அக்கா, ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். நான் கலூரிலிருந்து திரும்பி வந்திருப்பேன்.