சனிக்கிழமைக் கடல்

போன சாரலில் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். குளிக்க அல்ல, இந்த வயதில் அருவிக்கு அடியில் நின்றால் என்னைத் திருப்பி எடுத்து வர நாலு ஆள் வேண்டும். பேரப்பிள்ளைகளின் துணிமூட்டைக்குக் காவலாகப் போனேன். அங்கே ஒரு பலகை: எண்ணெய், சீயக்காய், சோப்பு உபயோகிக்கக் கூடாது. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் போலீஸ், “என்ன தாத்தா, போர்டைப் பார்த்துச் சிரிக்கீய?” என்று கேட்டாள். இதை அறுபது வருஷத்துக்கு முன்னால் வைத்திருக்கக் கூடாதா அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு அன்றைக்கு நூறு வேலை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. சர்க்கார் உத்தியோகம்தான், ஆனால் தற்காலிகம். வேலை, குற்றாலத்தில் கடல் அலையை அளப்பது. சிரிக்காதீர்கள். தெற்கே ஒரு சின்னத் தீவு. அங்கே மீன்பிடிக்கிறவர்களுக்குப் பன்னிரண்டு படகு. வாடைக்காற்றுக் காலத்தில், கரையோரம் கட்டிக் கிடக்கிற படகையே அலை தூக்கிப் பாறையில் அடித்துவிடும். அவர்களுக்கு ஒரு சிறு துறைமுகம் கட்டிக் கொடுப்பதாக முடிவாயிற்று. கடலுக்குள் கல்லைக் கொட்டி ஒரு சுவர் எழுப்பினால் அலை அதில் மோதி நின்றுவிடும். படகு உள்ளே நிம்மதியாகக் கிடக்கும். அந்தச் சுவர் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதுதான் கேள்வி. கட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற சமாசாரம் இல்லை அது. அதனால் முதலில் ஒரு தொட்டியில் குட்டிக் கடல், குட்டித் தீவு, குட்டிச் சுவர் என்று செய்து பார்ப்பார்கள்.

அதைக் கடற்கரையில் செய்யாமல் குற்றாலத்தில் ஏன் செய்தார்கள் என்று கேட்பீர்கள். தண்ணீர் சும்மா வருகிறது என்று காகிதத்தில் எழுதியிருந்தது. எங்கள் எஞ்சினியரின் மாமனார் வீடு தென்காசியில் இருந்ததை யாரும் காகிதத்தில் எழுதவில்லை.

ஐந்தருவிக்குக் கீழே ஒரு தோப்பில் தொட்டி. கல்யாண மண்டபத்தில் பந்தி போடுகிற இடம் அளவுக்கு இருக்கும், முழங்காலாழம். ஒரு பக்கம் நீளமான பலகை. மோட்டார் அதை முன்னும் பின்னும் தள்ள, அலை கிளம்பும். மறுபக்கம் சிமெண்டில் தீவு, சிற்றாற்று மணலைச் சலித்துப் போட்ட கரை. சுவருக்கு உள்ளே படகு நிற்கிற இடத்தில் ஓர் ஊசி. தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அந்த ஊசியைப் பார்த்து நான் நோட்டில் எழுத வேண்டும். குனிந்து குனிந்து எழுதி எனக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். நான் தீவைப் பார்த்ததில்லை. கடலையே திருச்செந்தூரில் இரண்டு தரம்தான் பார்த்திருந்தேன்.

எங்கேயாவது நல்லெண்ணெய் காய்கிற வாசனை வந்தால் மற்றவர்களுக்குத் தீபாவளி ஞாபகம் வரும். எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டியை வடித்துச் சேறும் இலையும் அள்ளுவோம். சனிக்கிழமை காலையில் வாய்க்காலைத் திறந்துவிட்டால் நிரம்ப நாலு மணி நேரம். அதுவரை என்ன செய்ய? சனிக்கிழமையாயிற்றே. வாட்ச்மேன் சுடலை அண்ணாச்சி பாவூர்சத்திரத்துச் செக்கில் ஆட்டின எண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சிக் கொண்டுவருவார். முதலில் எஞ்சினியர் சார் கல்லில் உட்காருவார். சுடலை அண்ணாச்சி அவர் உச்சியில் தப்புத் தப்பென்று தட்டுவார். பிறகு வரிசையாக நாங்கள், மொத்தம் எட்டுப் பேர். அந்த வாய்க்காலிலேயே இறங்கி ஒரு முழுக்கு. பிறகு சாப்பாடு. இரண்டு மணிக்கு மோட்டாரைப் போடுவோம். புதுத் தண்ணீர், சுத்தமான தண்ணீர் என்று சனிக்கிழமை அளவுகளைத்தான் அறிக்கைக்கு எடுத்துக்கொள்வார் சார்.

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எட்டுப் பேருக்கு ஐந்து மாதம் புரியவில்லை.

அளவுகள் பிரமாதமாக வந்தன. நீளம் குறைந்த சுவரே போதும் என்று ஊசி சொல்லிற்று. மேலிடத்துக்கும் அதுதான் ஆசை. அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தபோது தீவிலிருந்து ஓர் ஆள் வந்தார். பெயர் அந்தோணி. என் வயதுதான். உங்கள் துறைமுகம் எப்படி இருக்கும் என்று ஒருவரை அனுப்பிப் பாருங்கள் என்று எழுதியிருந்தோம். ஊர் கூடி அவரை அனுப்பியிருந்தது. முந்தைய வாடையில் அவருடைய அண்ணன் படகு உடைந்து, படகைப் பிடிக்கப் போன அண்ணனுக்குக் கால் போயிருந்தது. அவர் வந்ததும் ஒரு சனிக்கிழமை.

அந்த நீளம் குறைந்த சுவருக்கு உள்ளே தென்னம்பாளைத் துண்டு ஒன்றை மிதக்கவிட்டு, குந்தி உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தார். பாளை அசையவில்லை.

“இது எங்க வாடைதானாய்யா?” என்று கேட்டார்.

“உங்க வாடைதான்” என்றேன் நான், என்னவோ நானே வீசினமாதிரி.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போதும்யா. ஊர்ல போய்ச் சொல்லுறேன்” என்றார். தென்காசி வரை போய் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அமாவாசை. அமாவாசையில் தலைக்கு எண்ணெய் வைப்பார்களா? ஒருவரும் வைக்கவில்லை. வெறும் முழுக்குப் போட்டுவிட்டு இரண்டு மணிக்கு மோட்டாரைப் போட்டோம். ஊசி ஒன்றுக்கு இரண்டாகத் துள்ளியது. சார் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. சுடலை அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு, “சார், இன்னைக்கு அமாவாசையில்லா? கடல் பொங்கத்தான செய்யும்” என்றார்.

அங்கே பட்டம் வாங்கினவர்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. “அப்ப திங்கக்கெழம பார்ப்போம். அறிக்கை அது பாட்டுக்குத் தபால்ல போகட்டும்” என்று சொல்லிவிட்டு சார் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் நோட்டில் ‘அமாவாசை’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த நோட்டு இப்போது கையில் கிடைத்தால் முதல் வேலையாக அடுப்பில் போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியை ஒட்டிய கொட்டகையில் நான் மட்டும் இருந்தேன். மனசு கேட்காமல் மோட்டாரைப் போட்டேன். அமாவாசை போயாயிற்று, ஊசி இறங்கவில்லை. எண்ணெய் காணாத தலை வறண்டு அரித்தது. சொறிந்தபடியே நின்றவன், அப்படியே நின்றுவிட்டேன். கொட்டகைக்குள் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து தொட்டியில் ஒரு கரண்டி ஊற்றினேன். வானவில் நிறத்தில் ஒரு படலம் பரவியது. கொஞ்ச நேரத்தில் அலை சொன்னபடி கேட்டது. ஊசி பழைய இடத்துக்கு வந்து நின்றது.

ஐந்து மாதமாக நாங்கள் கடலை அளக்கவில்லை. எங்கள் தலை எண்ணெயை அளந்திருக்கிறோம். அந்தத் தீவில் எல்லோரும் அந்தோணி சொன்னதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் தோன்றிற்று. தற்காலிக வேலை, ஒரு வார்த்தையில் போய்விடும். தென்காசிக்குப் பஸ் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

சார் இலையில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. இடது கை மெல்ல உச்சந்தலைக்குப் போயிற்று.

“யார்ட்டயும் சொன்னியாடே?”

“இல்ல சார்.”

“மொதல்ல எண்ணெய் தேச்சவன் நான்லா” என்றார். பிறகு, “நாளைக்கு அந்த அறிக்கை போகாது. நீ மொதல்ல அந்தப் பையனுக்கு லெட்டர் எழுது. அவன் பார்த்தது பொய்க்கடல்னு எழுது” என்றார். மாமியாரைப் பார்த்து, “இவனுக்கு ஒரு எலை போடுங்க” என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாம்பார் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பவும் ஐந்து மாத வேலை. சனிக்கிழமைக் குளியல் அருவிக்கு மாறியது. சுவர் ஒன்றரை மடங்கு நீண்டது. முந்தைய அளவுகள் தவறியதற்குக் காரணம், ‘நீரின் மேற்பரப்பில் அந்நியப் பொருள்’ என்று சார் எழுதினார். மிளகு போட்டுக் காய்ச்சினது என்று எழுதவில்லை. மேலிடத்தில் அவரைக் கேட்காத கேள்வி இல்லை. நீண்ட சுவரைத்தான் கட்டினார்கள்.

அது கட்டி முடிந்த பிறகு, தை மாதம் அந்தோணியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஒரே வரி: ‘வாடை முடிந்தது. பன்னிரண்டும் இருக்கு.’ அதற்குப் பிறகு ஒவ்வொரு தைக்கும் அதே வரி. ஒரு வருஷம் பன்னிரண்டு பதினாலாயிற்று.

தொட்டி இருந்த இடத்தில் இப்போது கார்களை நிறுத்துகிறார்கள். சாரும் இல்லை, சுடலை அண்ணாச்சியும் இல்லை. பேரப்பிள்ளைகள் குளித்துவிட்டு வரும்வரை வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் படலமே இல்லை, தண்ணீர் சுத்தமாக ஓடியது.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு மாற்றலாயிற்று. புது விலாசத்தை அந்தோணிக்கு எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நாளைக் கடத்தினேன். எழுதவே இல்லை. அவர் பழைய விலாசத்துக்கு எழுதத்தான் எழுதியிருப்பார். பதினாலும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.