நெல்லுதான் அறுத்தாச்சே

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடையில் கொத்தவரை விதை வாங்க நிற்கிறேன். நான் ஏற வேண்டிய மேல்மலையனூர் பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு விவசாயி பூச்சிமருந்து கேட்கிறார்.

"இன்னா பயிருக்குண்ணா?" என்கிறார் கடைக்கார அம்மா.

"நெல்லுக்கு."

"உங்க நெல்லுதான் போன வாரமே அறுத்தாச்சே? உக்காருங்க, டீ சொல்றேன்."

எனக்கோ அவசரம். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாருன்ற கதையா இருக்குதே! கேட்டதைக் குடுத்து அனுப்புங்கம்மா" என்று சிரிக்கிறேன்.

விவசாயி சட்டென்று கை நீட்டுகிறார். "பாரு, சாரே சொல்றாரு. குடும்மா."

அந்த அம்மா மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டு என்னருகே வந்து குரலைத் தாழ்த்துகிறார்.

"வெறும் நெலத்துக்கு மருந்து கேட்டா, அது பூச்சிக்கு இல்ல சார். அப்பிடி வர்றவங்கள உக்கார வச்சுப் பேசணும்னு இங்க கடைக்காரங்க எல்லாம் சொல்லி வச்சிருக்கோம். நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. நான் தெனமும் இவரு வூட்டைத் தாண்டித்தான் போவணும்."

பிறகு விவசாயியின் தம்பிக்குப் போன் போடுகிறார்.

பஸ் கிளம்புகிறது. நான் ஏறவில்லை, விவசாயியின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்கிறேன். டீ வருகிறது. முதல் கிளாஸை விவசாயி என் பக்கம் நகர்த்துகிறார்.

"குடிங்க சார். என்னால உங்க பஸ் போச்சே."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.