முதல் செம்புத் தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூட நூல்நிலையத்தில் புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் பூர்வீகம் சொல்ல வேண்டும். "உன்னைப் பெத்தவ சல்லிப் பக்கமோ, நிலாவெளிப் பக்கமோ? அவவைப் பெத்தவ ஆர்?" இவ்வளவுக்கும் பதில் வந்த பிறகுதான் அலுமாரி திறக்கும். கெட்டிக்காரப் பெண்கள் வீட்டில் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் புத்தகமே வேண்டாமென்று ஓடிவிடுவார்கள். சாவிகள் கோத்த திறப்புக்கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அலுமாரிகளைக் காத்தவர் என்னுடைய அம்மம்மா. வகுப்பில் என்னைக் கேலி செய்ய வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

புத்தகம் அவருக்கு உத்தியோகம். சொந்தம் தேடுவதுதான் ஆசை. ஆனால் ஒரு வரிகூட எழுதி வைக்க மாட்டார்; எழுதினால் வழக்கு வரும் என்பார். ஆண்களிடம் கேட்கவும் மாட்டார். "ஆம்பிளையளுக்குக் காணியின்ர எல்லைதான் தெரியும்" என்று ஒதுக்கிவிடுவார். பெண்களிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி: உனக்கு முதல் தண்ணீர் வார்த்தது யார்? பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் முதல் செம்புத் தண்ணீரை மாமிதான் வார்க்க வேண்டும். தகப்பனின் சகோதரி, அல்லது தாய்மாமனின் பெண்சாதி. சின்னம்மாவும் பெரியம்மாவும் பக்கத்தில் நின்று பார்க்கலாம், செம்பைத் தொடக்கூடாது. அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு யாருக்கு யார் என்ன முறை என்று அம்மம்மா கட்டிக்கொண்டே போவார். அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. "ஒரு வாய் சொன்னால் கதை. ரெண்டு வாய் சொன்னால்தான் உறவு."

சித்திரை வருடப்பிறப்புக்குப் பலகாரம் சுடுகிற நேரத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையில் எங்கள் முற்றத்துத் துணியெல்லாம் கரியாகிப் போனது. பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை, அவரை விடமாட்டோம் என்றுவிட்டார்கள். அம்மா, நான், சின்னவளான என் தங்கச்சி, அம்மம்மா நால்வரும் தோணியில் மூதூருக்குப் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் கிளிவெட்டிக்குப் போனோம். அலுமாரிகள் பட்டாளத்தோடு நின்றன. திறப்புக்கோர்வை மட்டும் அம்மம்மாவின் இடுப்பில் எங்களோடு வந்தது.

கிளிவெட்டியில் நாங்கள் போய் நின்றது வயற்காரர் ஒருவரின் முற்றத்தில். அவருடைய அப்பாச்சி, தகப்பனைப் பெற்றவர், எங்கள் ஊரிலிருந்து, எங்கள் பழைய வளவிலிருந்து வாழ்க்கைப்பட்டுப் போனவர். ஏதோ காணிச் சண்டையில் போக்குவரத்து அறுந்து, அந்தச் சொந்தத்தின் பேச்சையே அந்த வீட்டு ஆண்கள் எடுப்பதில்லையாம். முற்றத்தில் ஏற்கெனவே வேறு சனமும் வந்து கிடந்தது. அவர் எங்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அம்மம்மா விடவில்லை.

"உங்கட அப்பாச்சிதான் தம்பி எனக்கு முதல் தண்ணி வார்த்தவா. என்ர அப்பாவின்ர கூடப்பிறந்த அக்கா."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்கள் எனக்குப் பெரியம்மா முறையெல்லோ! உங்கட மோள் எனக்குத் தங்கச்சி. இந்தப் பெடிச்சி எனக்கு மருமோள்." எங்களை உள்ளே கூட்டிப் போய் அறை ஒன்றை ஒழித்துத் தந்தார். பரீட்சை பாசானவள் போல அம்மம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேன். அந்த வயற்காரருக்கு வயதுவந்த மகன் ஒருவர் இருப்பதை அப்போது நான் நினைக்கவேயில்லை.

மாமாவாகிவிட்ட வயற்காரர் நல்ல மனிதர், அதுதான் கரைச்சல். தயிரும் குளத்து மீனும் குறைவில்லாமல் வந்தன. அவருடைய பெண்சாதி, மாமி, அதிகம் பேசமாட்டார், நான் எழும்ப முன்னமே தேத்தண்ணீர் வைத்திருப்பார். ஆனால் படலைக்கு வெளியே நான் கால் வைக்க ஏலாது. குமர்ப்பிள்ளை, யுத்த காலம், றோட்டில் பட்டாளத்து லொறிகள் என்று ஆயிரம் காரணம். நெல்மூட்டை அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறையில்தான் என் வாழ்க்கை. உமி தும்மலாய் வந்தது. யன்னலால் பார்த்தால் வேலி, வேலிக்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பாலும் வயல்தான். கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தப் பச்சை முழுவதும் சுவராகத் தெரிந்தது. பரீட்சை எடுத்து ரீச்சர் ஆக வேண்டுமென்பது என் எண்ணம். படிக்க ஒரு புத்தகம் இல்லை. அம்மம்மாவோ அயல் பெண்களைக் கூட்டிவைத்துப் பூர்வீகம் கேட்டு மகிழ்ச்சியாக இருந்தார்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் மாமா அம்மாவிடம் வந்து சொன்னார். "வெள்ளாமை வெட்டு முடியப் பிள்ளையளுக்கு நாள் பார்ப்பம் தங்கச்சி." கேட்கவில்லை, சொன்னார். முறை மச்சானுக்கு முறைப்பெண், இதில் கேட்க என்ன இருக்கிறது? துறைமுகத்திலிருந்து அப்பா ஆளிடம் சொல்லி அனுப்பிய பதிலில் நிம்மதிப் பெருமூச்சுக்கூடக் கேட்டது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "உரிமையோட கேக்கிறார். அவற்ற சோத்தைத் திண்டுகொண்டு என்னெண்டு ஏலாது எண்டுறது?"

எனக்கு வந்த கோபம் முழுவதும் அம்மம்மாமேல். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டவர் அவர்தானே. தெரியாத ஆட்களாய் வந்திருந்தால் ஏதாவது ஒரு கொட்டிலில் கிடந்திருப்போம், யாரும் என்னை உரிமை கேட்டிருக்க மாட்டார்கள்.

"நீங்கள்தான் கட்டினனீங்கள். நீங்களே அவிட்டு விடுங்கோ" என்றேன்.

"உள்ளதை எப்படிப் பிள்ளை மாத்துறது?"

"வேறை மாமி ஆரும் வார்த்ததெண்டு சொல்லுங்கோ."

அம்மம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு கையை இறக்கித் திறப்புக்கோர்வையைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு பல நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அயல் பெண்கள் வந்து கூப்பிட்டாலும் தலையிடி என்று படுத்துவிடுவார். நான் மனமிரங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன், அவருக்குக் கேட்கட்டும் என்றே அழுதேன்.

நாள் பார்க்கிற அன்று முற்றத்தில் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டம் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். மகன் புது வேட்டியில் வியர்த்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். நான் உள்ளே நெல்மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாத்திரியார் வாயைத் திறக்க முதல் அம்மம்மா எழும்பினார்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன் தம்பி. எனக்குத் தண்ணி வார்த்தவா வேறை ஆள். உங்கட அப்பாச்சி என்ர அம்மாவின்ர தங்கச்சி. எனக்குச் சின்னம்மா."

முற்றம் கணக்குப் போட்டது. அப்பாச்சிக் கிழவி அம்மம்மாவுக்குச் சின்னம்மா என்றால், மாமா என் அம்மாவுக்கு மச்சான், எனக்குச் சித்தப்பா. அவர் மகன் எனக்கு அண்ணன். தங்கச்சியைக் கட்டுகிறவன் உலகத்தில் உண்டா?

மாமாவின் முகம் கறுத்தது. "வந்த அண்டைக்கு இப்படிச் சொல்லேல்லையே?"

"வயசு போச்சு. மறந்துபோனன்."

ஊரே வந்து முறை கேட்கிற மனுசி, சபையில் நின்று மறந்துபோனேன் என்றார். என்னால் பார்க்க முடியவில்லை.

மாமா விடவில்லை. "நீங்கள்தான் சொல்லுவியள், ஒரு வாய் சொன்னால் கதை எண்டு. ரெண்டாவது வாய் ஆர்?"

யாருமில்லை. நெல்மூட்டையில் என் நகம் பதிந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"ஓம், சின்னம்மாதான்." குசினி வாசலிலிருந்து மாமியின் குரல். அந்தச் சபையில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல்தடவை. "கடைசிக் காலத்தில கிழவியைக் குளிப்பாட்டினது நான்தானே. அக்காவின்ர மோள் டவுனில இருக்கிறா எண்டு எனக்குச் சொன்னவா."

வெற்றிலைத் தட்டம் உள்ளே போனது. மாமா எங்களைத் துரத்தவில்லை; அடுத்த நாளிலிருந்து அம்மம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடாமல் மாமி என்று கூப்பிட்டார், சுருக்கமாக. நான் மாமியை வாயால் சின்னம்மா என்றேன். மகனுக்கோ தலையிலிருந்து மூட்டை இறங்கியது போல. "தங்கச்சி" என்று கூப்பிட்டு நாவற்பழம் கொண்டுவந்து தந்தார். அண்ணனாக அவரை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

ஓலைக் கொட்டில் ஒன்றில் பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம். அலுமாரிகளும் கண்ணாடி உடைந்து வந்து சேர்ந்தன. நான் பரீட்சை எழுதினேன். ஆனால் புத்தகம் எடுக்க வந்த பெண்களிடம் அம்மம்மா எதுவும் கேட்கவில்லை. பேசாமல் எடுத்துக் கொடுத்தார். கலியாணப் பேச்சுக்கு முறை விசாரிக்க வந்தவர்களிடம் தனக்குத் தெரியாது என்றார். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"எந்தக் கொப்பைப் பிடிச்சு ஏறினாலும் கிளிவெட்டியில போய் முட்டுது பிள்ளை. ஒண்டை உள்ளபடி சொன்னால் மற்றது பிழையாகும். பிறகு அந்தப் பிள்ளை பொய் சொன்னது வெளியில வரும். அவவின்ர புருசன் அவவை என்ன செய்வாரோ."

அவர் தன் பொய்க்குப் பயப்படவில்லை, மாமியின் பொய்க்குப் பயந்தார். என்னை வெளியே விட்டுவிட்டு அவர் உள்ளே போய் அகப்பட்டுக்கொண்டார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

யுத்தம் முடிகிற வருடம் தங்கச்சி பெரியபிள்ளையானாள். கிளிவெட்டிக்கும் சொல்லி அனுப்பினோம். மாமாவும் மாமியும் அரிசியும் தயிருமாக வந்து இறங்கினார்கள். மகனுக்கு அதற்குள் கலியாணமாகிவிட்டது. அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை, அப்பாவுக்குச் சகோதரி இல்லை. ஆகவே தூரத்து உறவில் ஒருவரை மாமியாக ஒழுங்குசெய்திருந்தோம். கிணற்றடியில் தங்கச்சியைப் பலகையில் இருத்தினோம். பால் கலந்த தண்ணீர்ச் செம்பை அந்த மனுசியிடம் நீட்டினேன். சின்னம்மாமார் நிற்கிற இடத்தில் கிளிவெட்டி மாமி நின்றார்.

"செம்பை இஞ்சை தா. நான் வார்க்கிறன்" என்றார்.

அம்மா பதறினார். "சின்னம்மா முறையில வார்க்கப்படாதெல்லோ..."

"நான் சின்னம்மா இல்லை. நான்தான் மாமி. தம்பியின்ர மோளுக்கு முதல் தண்ணி வார்த்தது தான்தான் எண்டு கிழவி சாகுமட்டும் சொன்னவா. அண்டைக்கு இந்தப் பெடிச்சி அழுத சத்தம் பொறுக்காமல் நான் சொன்னது பொய்."

விறாந்தையில் கதிரையில் இருந்த புருசனுக்குக் கேட்கவேண்டும் என்றே உரத்துச் சொன்னார். அம்மம்மா மாமிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார், அடி விழுந்தால் தன்மேல் விழட்டும் என்பது போல. மாமா எழும்பி வீட்டு மூலையைச் சுற்றி வந்து நின்றார். பெண்சாதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த நெல்லறையில் மூட்டையைப் பிடித்தது போலச் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அம்மம்மாவிடம்தான் பேசினார். "இவ்வளவு காலமும் உங்களை மாமி எண்டு கூப்பிட வைச்சிட்டியளே, பெரியம்மா." சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். "தாய்மாமன் நிக்கிறன். உடைக்கிறதுக்குத் தேங்காய் எங்க?"

மாமி வார்த்தார். தங்கச்சி குளிரில் கத்தினாள். அம்மம்மா கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார், நானும் அழுதேன். பந்தி முடிந்து நான் வெற்றிலை கொண்டுபோனபோது அம்மம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு பாயில் இருந்தார்.

"அது சரி பிள்ளை, உன்னைப் பெத்தவ எந்தப் பக்கம்? அவவுக்குத் தண்ணி வார்த்தது ஆர்?"