டாக்டர் தேவமணியின் சமையலறைக் கதவு

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த தேவமணிக்கு நீச்சல் தெரியாது. சாத்தான்குளத்துக்காரர், கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நம்பியதில்லை. கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததும் இல்லை. மூழ்கியவர்களைப் பிழைக்க வைக்கும் பொறுப்பு, பாருங்கள், அவர் தலையில்தான் வந்து விழுந்தது.

1944இல் ஹென்றி என்கிற, கடலடியில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சில்லை, நாடியில்லை. குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார். பத்து நிமிடம் ஆனதும், போய்விட்டது என்று கையை எடுத்துவிட்டார். இன்னும் ஐந்து நிமிடம் அமுக்கியிருந்தால்? அந்தக் கேள்வி இரண்டு வருடமாக அவரை நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை.

அப்போதுதான் ஓர் ஆங்கில மருத்துவப் பத்திரிகையில் புது வழி ஒன்றைப் படித்தார். ஆளைப் பலகையில் படுக்க வைத்துக் கட்டி, தராசுக்கோல்போல் தலைப்பக்கமும் கால்பக்கமும் மாற்றி மாற்றித் தாழ்த்த வேண்டும். குடல் முன்னும் பின்னும் நகர்ந்து நெஞ்சுக்குள் காற்றை இழுக்கும், தள்ளும்; நின்ற ரத்தமும் கொஞ்சம் அசையும். நிமிடத்துக்குப் பத்து ஆட்டம்.

யுத்தம் முடிந்தும் நல்ல பலகை கிடைக்காத காலம். தேவமணி வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைக் கழற்றினார்.

"ஏங்க, ஆஸ்பத்திரியில ஆளு சாவாம இருக்கதுக்கு, நம்ம வீட்டுல நாய் மீன் திங்கணுமா?" என்று கேட்டாள் மனைவி கிளாடிஸ்.

"ஆராய்ச்சிளா" என்றார் அவர். அன்று மதியமே நாய் ஒரு சீலாமீன் துண்டோடு ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டது.

பரிசோதனைக்கு ஆள் வேண்டுமே. செத்தவர்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள். அதனால் உயிரோடு இருக்கும் குளியாட்களைக் கூப்பிட்டார். கதவில் மூச்சடக்கிப் படுத்திருக்க வேண்டும். பத்தாவது ஆட்டத்தில் மூச்சு விட வேண்டும். ஒரு சாவுக்கு ஒரு டீ, ஒரு பன். கரையே திரண்டு வந்தது. "எங்கலே போற?" என்று ஒருவன் கேட்டால், "டாக்டரய்யாகிட்ட ஒரு நடை செத்துட்டு வாரேன்" என்பான் இன்னொருவன். செத்த நேரம் போக மிச்ச நேரத்தில் மற்றவனை ஆட்டினார்கள். மூன்று மாதத்தில் நோட்டுப் புத்தகத்தில் தேவமணி எழுதினார்: செத்தவர் இருபத்து மூன்று; பிழைத்தவர் இருபத்து மூன்று.

"உசுரோட உள்ளவன் பொழைக்கதுல என்ன அதிசயம்?" என்றாள் கிளாடிஸ். அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

செய்தி மேலே போய், மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். அவர் சரி என்றால்தான் பலகையைத் துறைமுகத்தில் வைக்கலாம். இல்லையென்றால் கதவு கதவாகவே போய்ச்சேரும். தேவமணி தன் சிறந்த பிணமான பர்னபாஸைக் கதவில் படுக்க வைத்தார்.

கூட்டத்தில் நயினார் நின்றதுதான் வினையாகப் போயிற்று. நயினாரும் பர்னபாஸும் கடலுக்கடியில் யாருக்கு மூச்சு அதிகம் என்று பத்து வருடமாகச் சண்டை போடுகிறவர்கள். குளியாட்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஒருவன் மூச்சடக்கினால், பார்க்கிறவன் வாய்விட்டு எண்ணுவான், எண்ணுகிறவன் வாய் ஓயும்முன் மூச்சு விட்டால் மானம் போச்சு. நயினார் சும்மா இருப்பானா? "ஒண்ணு... ரெண்டு..." என்று தொடங்கிவிட்டான்.

பத்தாவது ஆட்டம் வந்தது. பர்னபாஸ் அசையவில்லை. இருபது. தேவமணி குனிந்து, "மூச்சு விடுலே, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினார். பர்னபாஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்து நயினாரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். "மிஸ்டர் தேவமணி, உங்கள் கருவியால் உயிரோடு இருப்பவனையே பிழைக்க வைக்க முடியவில்லையே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் கிளம்பி, நயினாரின் வாயும் ஓய்ந்த பிறகுதான் பர்னபாஸ் எழுந்து உட்கார்ந்து, "எம்புட்டு?" என்று கேட்டான்.

கதவு சமையலறைக்குத் திரும்பியது. நாய்க்குத்தான் முகம் வாடிப்போனது.

அடுத்த வாரம் ஒரு மதியம் தேவமணி சோற்றில் கை வைத்தபோது, பர்னபாஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அய்யா, நயினார் அடியிலயே கெடந்துட்டான்! நெஞ்சுல சத்தமே இல்ல!"

தேவமணி எழுவதற்குள் கிளாடிஸ் சமையலறைக் கதவின் கீல் கம்பியை உருவிவிட்டாள். "நின்னு பாக்காதிய! தூக்குங்கலே கதவ!" என்று கத்தினாள்.

கரையில் யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதமாகச் செத்துச் செத்துப் பழகியவர்கள்! வள்ளம் உருட்டும் தடியின்மேல் கதவை வைத்து, கையையும் காலையும் கட்டி, முதலில் தலையைத் தாழ்த்தித் தண்ணீரை வடித்து, அளவு பிசகாமல் ஆட்டினார்கள். தேவமணி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் ஓடிற்று. கூட்டம் அவர் முகத்தையே பார்த்தது. 'போய்விட்டது' என்று சொல்லிப் பழகிய வார்த்தை அவர் வாய் வரை வந்துவிட்டது.

பர்னபாஸ் கையை எடுக்கவில்லை. "நீரு எண்ணும்யா. அவன் எண்ணுக்குத்தான் பயப்படுவான்" என்றான். அழுதுகொண்டே ஆட்டினான்.

தேவமணி எண்ணினார். ஹென்றிக்கு எண்ணாமல் விட்டதையும் சேர்த்து எண்ணினார். பதினான்காம் நிமிடம் நயினாரின் நெஞ்சில் ஏதோ தட்டியது. தன் நெஞ்சுதானோ என்று அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். தட்டியது. கொஞ்ச நேரத்தில் நயினார் இருமி, கடலில் குடித்த தண்ணீரையெல்லாம் டாக்டரின் வெள்ளைச் சட்டைமேல் கக்கினான். கடல் தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் அவர் நனைந்தது அதுதான் முதல் தடவை.

நயினார் கண்ணைத் திறந்து பர்னபாஸைத் தேடினான். "எம்புட்டு எண்ணுனிய?"

"அது கணக்குல சேராதுலே" என்றான் பர்னபாஸ், மூக்கைச் சிந்திக்கொண்டே. "நீ செத்துல்லா கெடந்த."

தேவமணி நோட்டை எடுத்து இருபத்து மூன்றையும் அடித்துவிட்டு, கீழே 'ஒன்று' என்று எழுதினார். எழுத்து கலங்கித் தெரிந்தது. அப்போது கதவிலிருந்து தொண்டை கட்டிய குரல் வந்தது.

"அய்யா, நெசமாச் செத்ததுக்கும் டீயும் பன்னும் உண்டுல்லா?"